ஏந்தும் கையும் பேசும் வாயும்

சென்ற தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று, தீர்த்தமலைக்கு அண்மையிலுள்ள நம் கிளைப்பங்கில் திருப்பலி முடிந்ததும் பங்குப்பேரவை கூடிற்று. பேசவேண்டிய பொருள் ஒன்றே ஒன்று. சித்தேரி மலைச் சிற்றூர்களிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கென எழுப்பப்பட்ட விடுதியின் கல்நார்த் தகட்டுக் கூரை இரண்டு மழைக்காலங்களாக ஒழுகிக்கொண்டிருக்கிறது. ஐப்பசி அடைமழையில் பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு கோயிலுக்குள் வந்து, பீடத்தின் முன் வரிசையாய்ப் படுத்து உறங்கியதை நாமே கண்டோம். கூரையை மாற்ற 6 இலட்சம் ரூபாய் ஆகும் என்று மேஸ்திரி கணக்குச் சொன்னார். கையில் இருந்ததோ 83,000 ரூபாய்.

அப்போது உறுப்பினர் ஒருவர் எழுந்து, அரூர்ப் பக்கத்தில் ஜவ்வரிசி ஆலை நடத்தும் செல்வந்தர் ஒருவரைக் குறிப்பிட்டார். அவர் நம் சமயத்தவர் அல்லர். தீர்த்தகிரீசுவரர்மேல் மாறாத பக்தி உடையவர். ஆண்டுதோறும் மாசி மாதத்தில் வெறுங்காலுடன் மலையேறி, இராமர் தீர்த்தத்தில் நீராடி வருபவர். கேட்டால் இல்லை என்று சொல்லாதவர் என்று சுற்றுவட்டாரமே சொல்கிறது. "நாம் போய்க் கேட்டால் என்ன சாமி?" என்றார் அந்த உறுப்பினர்.

ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் உடனே மறுத்தார். 40 ஆண்டுகள் சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று மந்திரங்கள் கற்றுக்கொடுத்த மனிதர். "ஆண்டவருடைய வேலைக்கு ஆண்டவரை அறியாதவரிடம் கையேந்துவதா? யோவான் மூன்றாம் திருமுகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சாமிக்கே தெரியும்" என்றார். பின்வரிசையில் இருந்த ஆசிரியை ஒருவர் மெல்லச் சொன்ன சொல்தான் அன்று எல்லோரையும் நிறுத்திற்று. "அந்த ஆலையில் கிழங்கு உரிக்கிற பெண்களின் பிள்ளைகள் நாலு பேர் நம் விடுதியில் படுத்திருக்கிறார்கள். அவர் தருவதைத் தருமம் என்று வாங்கிக்கொள்வதா, கூலியில் விட்டுப்போன பாக்கி என்று வாங்கிக்கொள்வதா?"

நம்மால் அன்று விடை கூற இயலவில்லை. அடுத்த மாதம் பேசுவோம் என்று கூறிச் செபத்துடன் முடித்துக்கொண்டோம். அந்த ஒரு மாதத்தில் நாம் படித்ததையும், பல ஆண்டுகளாக நெஞ்சில் முள்ளாய்க் கிடந்த ஒன்றையும் வாசக அன்பர்கள் முன் வைக்கிறோம்.

இந்தக் கேள்வி நம் தந்தையர் காலத்தில் எழுந்ததில்லை. சேலம் மறைமாவட்டம் 1930இல் தோன்றியபோது அதன் முதல் ஆயராய் வந்த மேதகு பிரனியே ஆண்டகை பாரிசு வேதபோதகச் சபையைச் சேர்ந்தவர். 1997இல் அதிலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டமான நம் தர்மபுரிப் பகுதியிலும் அச்சபைக் குருக்களின் உழைப்பு ஆழப் பதிந்துள்ளது. பிரான்சு நாட்டு மறைப்பணியாளர்களைத் தாங்கிய பணம் எங்கிருந்து வந்தது? 1822இல் லியோன் நகரில் மறைபரப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. பவுலின் ஜாரிக்கோ என்னும் இளம்பெண் அங்கே பட்டாலைத் தொழிலாளரிடம் வாரத்துக்கு ஒரு சல்லிக்காசு வீதம் திரட்டிய முறையே அதற்கு வித்தாயிற்று. திருச்சபை 2022ஆம் ஆண்டில்தான் அப்பெண்ணை அருளாளர் நிலைக்கு உயர்த்தியது. ஆகவே நம் பழைய கோயில்கள் பலவற்றின் சுவரில், நாம் பெயரறியாத ஏழை நெசவாளரின் காசும் கலந்திருக்கிறது.

பின்னர் ஐரோப்பிய உதவி நிறுவனங்களின் காலம் வந்தது. நம்மில் பலர் அதற்குப் பழகிப்போனோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு விண்ணப்பம், இரண்டு புகைப்படம், ஆண்டறிக்கை. கிணறும் கட்டடமும் வந்துவிடும். கேட்கிறோம் என்ற கூச்சமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். ஏனெனில் கொடுப்பவர் முகத்தை நாம் பார்த்ததில்லை. இப்போது அந்த வழி குறுகிவிட்டது. 1976இல் வந்த அயல்நாட்டு நன்கொடைச் சட்டம் 2010இல் புதிதாக இயற்றப்பட்டு, 2020இல் மேலும் இறுக்கப்பட்டது. பணம் புதுதில்லியிலுள்ள ஒரே வங்கிக் கிளையின் வழியாகத்தான் வரவேண்டும். ஒரு நிறுவனம் பெற்றதை மற்றொன்றுக்குப் பகிர்ந்து தரக் கூடாது. நிருவாகச் செலவு நூற்றுக்கு 20க்கு மேல் போகக் கூடாது. 2021ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்றுதான் அன்னை தெரேசாவின் சகோதரிகளுக்கே உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தார்கள். இரு வாரங்களுக்குள் அது திரும்பக் கிடைத்தது என்றாலும், அச்செய்தியைக் கேட்டு நடுங்காத மறைமாவட்டப் பொருளாளர் இந்நாட்டில் இருந்திருக்க மாட்டார். மறுபக்கம், 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் பெரிய நிறுவனங்கள் தம் இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று விதித்தது. எனவே இனி நாம் கேட்கப்போவது நம்மைச் சுற்றி வாழும் செல்வரிடம்தான். அவருள் பெரும்பாலோர் நம் சமயத்தவர் அல்லர். கொடுப்பவரின் முகம் இப்போது கண்முன் நிற்கிறது.

தொடங்குமுன் ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். இவர்களை 'அவிசுவாசிகள்' என்று அழைக்கும் பழைய வழக்கம் நமக்கு உண்டு. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிறசமயங்களைப் பற்றி வெளியிட்ட ஏட்டுக்குப் பின்னும் அச்சொல் நம் நாவைவிட்டு முற்றும் அகலவில்லை. மாசி வெயிலில் வெறுங்காலுடன் தீர்த்தமலை ஏறுகிறவரை விசுவாசம் அற்றவர் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. அவர் நம்புவது நாம் நம்புவதன்று, அவ்வளவே. எதையும் நம்பாத செல்வரும் உண்டு. அவர்களில் சிலர் நம்மைவிட நேர்மையாகக் கணக்கு வைத்திருப்பவர்கள்.

உபதேசியார் சுட்டிய மறைநூல் பகுதியை எடுத்துக்கொள்வோம். கிறிஸ்துவின் பெயருக்காகப் புறப்பட்டுச் சென்ற சகோதரர்கள் பிற இனத்தாரிடமிருந்து எதுவும் பெறவில்லை என்றும், ஆகவே அவர்களைத் தாங்குவது நம் கடமை என்றும் யோவானின் மூன்றாம் திருமுகம் கூறுகிறது. இது தெளிவான சாட்சியம். ஆயினும் அவர்கள் எதற்காகப் புறப்பட்டார்கள்? நற்செய்தியை அறிவிக்க. அக்காலத்துக் கிரேக்க நகரங்களில் சந்திக்குச் சந்தி பேசிக் காசு திரட்டிய நாடோடிப் போதகர்கள் மலிந்திருந்தனர். அவர்களுள் ஒருவராய்த் தம்மைக் கருதிவிடக் கூடாது என்பதில் திருத்தூதர் காலத்துச் சபை மிகவும் விழிப்பாயிருந்தது. தூய ஆவியின் பெயரால் பேசிக்கொண்டே தனக்குப் பணம் கேட்பவன் போலி இறைவாக்கினன் என்று 'திதாக்கே' என்னும் தொன்மையான ஏடு வெட்டென்று தீர்ப்புச் சொல்கிறது. அதே ஏடு, இல்லாத பிறருக்குக் கொடுக்கும்படி கேட்பவனைக் குற்றவாளி ஆக்கவில்லை. அறிவிப்பை விற்கக் கூடாது. பசித்தவனுக்காகக் கேட்பது விற்பனையன்று.

பழைய ஏற்பாட்டில் இரண்டு விதமும் அருகருகே கிடக்கின்றன. சோதோம் அரசன் கொடுக்க வந்ததில் ஒரு நூலையோ மிதியடி வாரையோகூட ஆபிராம் தொடவில்லை. ஆபிராமைச் செல்வனாக்கியவன் நானே என்று அவன் பின்னால் பேசிவிடக் கூடாது என்பதே காரணம். ஆனால் அதே நாளில், வேற்றூர்க் குருவாகிய மெல்கிசெதேக்கு கொண்டுவந்த அப்பத்தையும் இரசத்தையும் அவர் ஏற்றுக்கொண்டார். எஸ்ரா, பாரசீக அரசனிடம் வழிக்காவலுக்குப் படைவீரர் கேட்க வெட்கப்பட்டார். எங்கள் கடவுள் எங்களைக் காப்பார் என்று அவனிடம் பேசியிருந்தார் அல்லவா! ஆயினும் கோவிலுக்கென்று அரசன் தந்த வெள்ளியும் பொன்னும் அவருடைய மூட்டையில்தான் இருந்தன. நெகேமியாவோ கூச்சமே படவில்லை. காட்டதிகாரிக்குக் கடிதம் தாரும், மரம் வேண்டும் என்று நேராகவே கேட்டார். அரசன் அனுப்பிய படைவீரரையும் உடன் அழைத்துச் சென்றார். இறைவாக்கினர் எலியா, சீதோன் நாட்டுச் சாரிபாத்தில் கைம்பெண்ணிடம் கடைசிப் பிடி மாவைக் கேட்டார். அவள் செல்வந்தரும் இல்லை, இஸ்ரயேலரும் இல்லை. நம் ஆண்டவரே சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார்.

இவற்றிலிருந்து ஒரு விதியை வார்த்தெடுக்க முயன்றவர்கள் பலர். நம் குருமட நாட்களில் பேராசிரியர் ஒருவர், வழிபாட்டுக்கும் அறிவிப்புக்கும் ஆகும் செலவை விசுவாசிகளே தாங்க வேண்டும், இரக்கச் செயல்களுக்கு எவரிடமும் கேட்கலாம் என்று வகுத்துச் சொல்வார். நல்ல வகுப்பு, நாமும் பெரும்பாலும் அதையே ஏற்கிறோம். பசித்த பிள்ளைக்குச் சோறிடுவது மனிதர் எல்லாருக்கும் உரிய கடமை. அக்கடமையில் பங்குபெற அண்டை வீட்டாரை அழைக்காமல் நாமே தனியாகச் செய்ய நினைப்பதில் ஒருவகைச் செருக்குக்கூட மறைந்திருக்கலாம்.

ஆயினும் வரலாறு அந்த வேலியைத் தாண்டித் தாண்டிப் போகிறது. சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்கள் சருகணி ஆலயத்துக்கு மானியம் விட்டதை நாம் அறிவோம். 1801இல் வெள்ளையரால் தூக்கிலிடப்பட்ட அவ்வீரர்கள் காளையார்கோவில் சிவாலயத்துக்குக் கோபுரம் எழுப்பியவர்கள். அதே கையால் கிறிஸ்தவர் வழிபாட்டுக்கும் கொடுத்தார்கள். ஆட்சியாளர் தம் குடிகளின் ஆலயத்துக்கு ஆற்ற வேண்டிய கடமையாக அது கருதப்பட்டது. இன்றும் வேளாங்கண்ணியில் உண்டியல் முன் நிற்கும் தாய்மாருள் எத்தனை பேர் திருமுழுக்குப் பெற்றவர்கள் என்று எந்தப் பங்குத்தந்தை கேட்கிறார்? மனமுவந்து வரும் காணிக்கையைத் தடுப்பது நம் வேலையன்று. ஆனால் அவர்களிடம் போய் எங்கள் பீடத்துக்குப் பளிங்கு வாங்கித் தாருங்கள் என்று கேட்பது வேறு. நம் வழிபாட்டின் செலவுக்குப் பிறர் வாசலில் நிற்பது, அவருக்கும் சங்கடம், நமக்கும் அழகன்று.

இன்றைய நிலையில் இதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் விடுதியில் மாலைச் செபம் உண்டு. கட்டாயம் இல்லை என்றாலும் செபமாலையின் ஓசை எல்லாப் பிள்ளைகள் காதிலும் விழுகிறது. நாம் போய்க் கேட்கும் செல்வருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளின் படிப்புக்கு என்று சொல்லிப் பெற்ற பணத்தில் ஒரு பகுதியை அவரறியாமல் சிற்றாலயத்துக்குத் திருப்பினால் அதற்குத் திருட்டு என்றுதான் பெயர். நம்மீது குற்றம் சாட்டக் காத்திருப்போருக்கு அஞ்சி இதைச் சொல்லவில்லை. குற்றம் சாட்ட ஒருவருமே இல்லாவிட்டாலும் அது திருட்டுத்தான்.

இதுவரை கொடுப்பவரின் சமயத்தையே பேசிக்கொண்டு வந்தோம். ஆனால் எண்ணிப் பார்க்கும்தோறும், நாம் தவறான இடத்தில் தோண்டிக்கொண்டிருக்கிறோமோ என்ற ஐயம் எழுகிறது. புனித அன்னை தெரேசாவின் வாழ்விலேயே இரு கொடைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1952இல் சாகுந்தறுவாயில் கிடந்தோருக்காக அவர் இல்லம் தொடங்கியபோது, கல்கத்தா மாநகராட்சி அவருக்குத் தந்த இடம் காளிகோயிலை ஒட்டிய, பக்தர்கள் தங்கும் சத்திரம். எதிர்ப்புகள் இருந்தன, ஆனால் அந்தக் கொடையில் கறை இல்லை. மற்றொன்று, அமெரிக்க வங்கித் தொழிலதிபர் சார்லஸ் கீட்டிங் தந்த பன்னிரண்டரை இலட்சம் டாலர். அவர் கத்தோலிக்கர், ஒழுக்கக்கேட்டுக்கு எதிராக மேடைகளில் முழங்கியவர். எளிய மக்கள், அதிலும் முதியோர், தம் சேமிப்பை அவர் நிறுவனத்தில் இட்டு இழந்தார்கள். 1992இல் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட இருந்தபோது, இரக்கம் காட்டும்படி அன்னை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அரசு வழக்கறிஞர் ஒருவர் அன்னைக்கு மறுகடிதம் எழுதி, அந்தப் பணம் ஏமாற்றப்பட்டவர்களுடையது, திருப்பித் தாருங்கள் என்று வேண்டினார். பதில் வரவில்லை என்றே அவர் பின்னர் தெரிவித்தார். அந்தத் தண்டனை பிற்காலத்தில் மேல்முறையீட்டில் தள்ளுபடியானதும், 1999இல் கீட்டிங் சில மோசடிக் குற்றங்களைத் தாமே ஒப்புக்கொண்டதும் தனிக்கதை. அன்னையின் புனிதத்தை ஐயுறும் தகுதி நமக்கு இல்லை. பணத்தை அவர் தமக்கென வைத்துக்கொண்டவர் அல்லர். எனினும் காளிகோயில் சத்திரம் சுமையாகவில்லை, ஞானமுழுக்குப் பெற்றவரின் காசோலை சுமையாயிற்று என்பதை மறைக்க முடியாது.

கேட்டுப் பெறுவதற்கும் வந்ததைப் பெறுவதற்கும் உள்ள வேறுபாட்டை உலகறியச் செய்த வழக்கும் ஒன்று உண்டு. மதுரையில் அமெரிக்கன் கல்லூரியை நிறுவிய சீர்திருத்தச் சபை மறைப்பணி வாரியம், 1905இல் எண்ணெய்ச் செல்வர் ராக்ஃபெல்லரிடமிருந்து 1 இலட்சம் டாலர் பெற்றது. போட்டியாளரை நசுக்கிச் சேர்த்த பணம் என்று வாஷிங்டன் கிளாடன் என்னும் போதகர் கடுமையாக எதிர்த்தார். தானாக வந்த கொடையை எப்படி மறுப்பது என்று வாரியத்தின் சார்பாளர்கள் வாதாடினார்கள். பிறகுதான் வெளிப்பட்டது, அது தானாக வந்ததன்று. வாரியத்தின் செயலாளரே கேட்டுப் பெற்றது. ராக்ஃபெல்லர் தரப்பினரே, கேட்டதால்தானே கொடுத்தோம் என்று சொல்லும்படி ஆயிற்று. அவரும் ஒரு கிறிஸ்தவர்தாம்; தவறாமல் கோயிலுக்குப் போனவர். கேட்டவர்கள் கேட்டதை ஒளித்ததே அங்கு மிகப்பெரிய அவமானமாயிற்று என்று நமக்குத் தோன்றுகிறது.

மூன்றாம் நூற்றாண்டில் சிரியா நாட்டில் எழுதப்பட்ட 'திதஸ்காலியா' என்னும் நூல், கைம்பெண்களுக்காக ஆயர் யாரிடம் காணிக்கை வாங்கக் கூடாது என்று நீண்ட பட்டியல் தருகிறது. சிலை செய்வோர் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பட்டியலின் பெரும்பகுதி, அடிமைகளைக் கொடுமைப்படுத்துவோர், ஏழைகளை ஒடுக்குவோர், கள்ள எடை வைப்போர், வட்டி வாங்குவோர், அநீதித் தீர்ப்பு வழங்குவோர் என்று நடத்தையைப் பற்றியதாகவே போகிறது. திருச்சபைக்கு வேறு வழியே இல்லாவிட்டால் பசியால் சாவது இத்தகையோரிடம் வாங்குவதைவிட மேல் என்று அந்நூல் சொல்லும்போது, இன்றைய நம் கட்டட நிதிக் குழுக்களை எண்ணிச் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் வெட்கமும் வருகிறது. அதற்கும் முன்னதாக, கப்பல் வணிகர் மார்சியோன் உரோமைச் சபைக்கு 2 இலட்சம் செஸ்தர்சு கொடுத்திருந்தார். 144ஆம் ஆண்டில் அவருடைய போதனையை ஏற்க இயலாது என்று விலக்கியபோது, சபை அந்தப் பணத்தையும் எண்ணித் திருப்பிக் கொடுத்தது. உரோமையின் ஏழைச் சபைக்கு அது பெருந்தொகை. திருப்பிக் கொடுக்க முடிந்ததால்தான் அவரிடம் மறுப்புச் சொல்ல அவர்களுக்கு நா எழுந்தது.

இனி நம் நெஞ்சில் கிடக்கும் முள்ளுக்கு வருவோம். 18 ஆண்டுகளுக்கு முன் நாம் இதே மாவட்டத்தில் வேறொரு பங்கில் இருந்தோம். வறட்சி. கோயில் கிணறு வற்றிவிட்டது. பிள்ளைகள் இரண்டு கிலோமீட்டர் குடம் சுமந்தார்கள். அப்பகுதியில் கருங்கல் குவாரி நடத்திய ஒருவரிடம் நாமே போய்க் கேட்டோம். அவரும் பிறசமயத்தவரே. காப்பி கொடுத்து, கேட்டு முடிக்குமுன்பே சரி என்றார். ஆழ்துளைக் கிணறு வந்தது, மோட்டார் வந்தது, தொட்டியும் வந்தது. தொட்டியில் அவர் பெயரைப் பொறிக்க அவர் கேட்கவில்லை, நாம்தான் பொறித்தோம்.

அடுத்த ஆண்டு அந்தக் குவாரியில் கல் சரிந்து நம் பங்கைச் சேர்ந்த ஒருவரின் கால் நசுங்கிற்று. அரசு மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆட்களைச் சேர்த்துவிட்ட மேஸ்திரி 15,000 ரூபாய் கொடுத்து ஒரு தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. 2 ஆண்டுக்குள் முறையிட்டிருக்கலாம். கிடைக்கக்கூடியது அந்தப் 15,000ஐப் போலப் பன்மடங்கு. இதெல்லாம் நமக்குத் தெரியும். குருமடத்தில் திருச்சபையின் சமூகப் போதனையில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் நாம்.

அவர் மனைவி பங்கில்லத்துக்கு வந்தார். "சாமி, கலெக்டர் ஆபீசுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க" என்றார். "பார்ப்போம்மா" என்றோம். அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்து, பூசை முடிந்து எல்லோரும் போகும்வரை தொட்டியருகே நின்றிருந்தார். முதலில் விவரம் சேகரிக்க வேண்டும், முதலாளியிடம் பக்குவமாய்ப் பேச வேண்டும், அவசரப்பட்டால் காரியம் கெடும் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். உண்மை அதுவன்று. அந்தத் தொட்டியில் பொறித்த பெயர் நம் நாவைக் கட்டிப்போட்டிருந்தது.

நாலாம் மாதத்தில் ஒருவழியாய்ப் போனோம். அவர் முழுவதையும் கேட்டார். மேஸ்திரி தம்மிடம் வேறுவிதமாகச் சொன்னதாகக் கூறினார். அது மெய்யோ பொய்யோ நாம் அறியோம். பிறகு நம்மை நேராகப் பார்த்து, "இத்தன நாளா ஏன் சாமி சொல்லல? நான் போர் போட்டுக் குடுத்தது உங்க வாயை அடைக்கவா?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. பணம் கொடுத்தனுப்பினார், சட்டப்படி வரவேண்டியதைவிடக் குறைவுதான், ஆனாலும் கொடுத்தார். கொண்டுபோய்க் கொடுக்கச் சென்றபோது வீடு பூட்டியிருந்தது. ஆட்டையும் அரை ஏக்கர் மேட்டு நிலத்தையும் வந்த விலைக்கு விற்றுவிட்டு, பெங்களூர்ப் பக்கம் எங்கோ செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விட்டதாக அண்டை வீட்டார் சொன்னார்கள். தேடினோம், கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பணம் சில ஆண்டுகள் வங்கியில் கிடந்தது. பின்பு நாம் மாற்றலாகி வந்தபோது அடுத்துவந்த குருவிடம் கணக்கோடு ஒப்படைத்தோம்.

அவர் நம்மிடம் மௌனத்தை விலைக்குக் கேட்கவில்லை. கேட்காததை நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம். அவரைப் பற்றி அவர் தகுதிக்குக் குறைவாகவே எண்ணியிருந்தோம் என்பது இரண்டாவது குற்றம். அவர் கிறிஸ்தவராய் இருந்திருந்தால் நாம் வேறுவிதமாய் நடந்திருப்போமா? இல்லை, இன்னும் அதிகமாய் வாய்மூடி இருந்திருப்போம், பங்குப்பேரவைத் தலைவராகவும் ஆக்கியிருப்போம்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியை அதன்பின் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. 1915இல் காந்தியடிகள் அகமதாபாத்தில் ஆசிரமம் தொடங்கிச் சில மாதங்களில் தீண்டப்படாதோர் எனப்பட்ட ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டார். உதவி செய்துவந்தவர்கள் கையை மூடிக்கொண்டார்கள். ஆசிரமத்தில் காசில்லாத ஒரு காலையில் ஒரு செல்வர் காரில் வந்து, 13,000 ரூபாயைக் கையில் வைத்துவிட்டுப் போனார். அவர் ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய் என்பது வரலாற்றாசிரியர் கருத்து. மூன்றே ஆண்டுகளில், 1918இல், அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் நூற்றுக்கு 35 கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குத் தலைமை தாங்கி நின்றவர் காந்தி. எதிரில் ஆலை அதிபர்களின் தலைவராய் நின்றவர் அம்பாலால். அம்பாலாலின் தமக்கை அனசூயாவும் தொழிலாளர் பக்கமே நின்றார். முதலாளி வீட்டுக் காரில் போகிறவர்கள்தானே நீங்கள் என்று பசியில் வாடிய தொழிலாளர் முணுமுணுத்தது காந்தியின் காதுக்கு எட்டிற்று. அவர் உண்ணாநோன்பு தொடங்கினார். நண்பர்களாகிய முதலாளிகளை அந்நோன்பு நெருக்கியது ஒரு குறையே என்று அவரே பின்னர் எழுதினார். குறை இருக்கட்டும். வாங்கிய கையோடு எதிர்த்துப் பேசும் வாயும் ஒருவருக்கு இருக்க முடிந்தது. கொடுத்தவரும் நட்பை முறித்துக்கொள்ளவில்லை.

செல்வரிடம் கேட்பதில் மற்றோர் ஆபத்தும் உண்டு. அதைச் சிறிதே தொட்டுவிட்டுச் செல்கிறோம். திருத்தூதர் பவுல் கொரிந்து நகரின் வசதியுள்ளவரிடம் தமக்கென எதுவும் பெற மறுத்தார்; பிலிப்பியின் ஏழைச் சபை அனுப்பியதைக் கண்ணீர் மல்கப் பெற்றுக்கொண்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஒரு பெரிய காசோலை வந்துவிட்டால் படிக் கேழ்வரகு கொண்டுவருகிற பாட்டி தன் படி தேவையில்லை என்று நினைத்துக்கொள்வாள். கப்பர்நாகும் நூற்றுவர் தலைவரை, தொழுகைக்கூடம் கட்டிக்கொடுத்தவர் என்று யூதப் பெரியவர்கள் இயேசுவிடம் புகழ்ந்து பேசினார்கள். அவரோ அந்தக் கட்டடத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதாக லூக்கா எழுதவில்லை.

சித்திரை முதல் வாரத்தில் பங்குப்பேரவை மறுபடி கூடியது. மேலே எழுதியவற்றைச் சுருக்கமாய்ச் சொன்னோம். தொட்டியின் கதையையும் மறைக்காமல் சொன்னோம். முதலில் நம் வீடுகளிலிருந்து வருவது வரட்டும் என்று முடிவாயிற்று. உபதேசியார் எழுந்து, வேட்டி மடிப்பிலிருந்து 2,000 ரூபாய் எடுத்து வைத்தார். அதற்காகத் தாம் கருத்தை மாற்றிக்கொண்டதாக யாரும் எண்ண வேண்டாம் என்றும் சொன்னார். மே மாத முடிவில் தொகை 1,71,000 ரூபாய் ஆகியிருந்தது.

மிச்சத்துக்கு ஆலை அதிபரிடம் கேட்பது என்று பெரும்பான்மையோர் தீர்மானித்தனர். கடிதத்தை நாமே எழுதினோம். பிள்ளைகள் எத்தனை பேர், எந்த எந்தச் சமயத்தவர், மாலைச் செபம் எப்படி நடக்கிறது, கணக்கை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், பெயர்ப்பலகை வைக்கமாட்டோம் என்பதெல்லாம் அதில் உண்டு. அவர் ஆலையில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகள் நால்வர் இங்கே இருக்கிறார்கள் என்பதையும் எழுதினோம். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தோம்: தாங்கள் தந்தாலும் தராவிட்டாலும், ஆலைத் தொழிலாளர் எவருக்கேனும் குறை நேர்ந்தால் அவர் சார்பாகத் தங்களிடம் வந்து பேசுவது எம் கடமை என்று கருதுகிறோம்.

அந்த வரியில்தான் சிக்கல். கொடுக்கப்போகிறவரின் முகத்தில் அடிப்பது போலிருக்கிறது, எடுத்துவிடுங்கள் சாமி என்கிறார்கள் பேரவையில் பாதிப்பேர். எழுதித்தான் ஆக வேண்டுமா, மனத்தில் வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கிறார் பொருளாளர். மனத்தில் வைத்துக்கொண்டதன் கதியை நாம் ஒருமுறை பார்த்தாயிற்று. ஆசிரியை அந்த வரி இருக்கட்டும் என்கிறார். உபதேசியார் அந்த வரி ஒன்றுக்காகவே கடிதத்தில் தாமும் கையெழுத்திடுவதாகச் சொல்கிறார். கடிதம் இன்னும் மேசைமேல் இருக்கிறது. ஆடி பிறந்துவிட்டது; மேற்கே மேகம் கறுக்கத் தொடங்கியதும் விடுதிப் பிள்ளைகள் பாய்களை எடுத்துக்கொண்டு கோயில் கதவைத் தட்டுகிறார்கள்.